26 பேர் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் படம்

என் போனில் ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, மதியம் 12:14. சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பாய் விரித்துக் குழந்தைகள், பின்னால் மற்றவர்கள். எண்ணினால் 26 தலை. எடுத்தது நான். ஆக 27. அன்று வந்தவர்கள் 28 பேர்.

குறைகிற அந்த ஒருவனும் படத்தில் இருக்கிறான். இடது ஓரம் நிற்கும் மாமாவின் தொப்பிக்கு மேலே, இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால், அலை உடைகிற வரிசைக்கும் அப்பால் மிளகு போல ஒரு புள்ளி. 26 பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடல் அவர்களுக்கு முதுகுப் பக்கம். கடலைப் பார்த்து நின்ற ஒரே ஆள் நான்தான். நானோ ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி பிழைத்துக்கொண்டது, நன்றாக இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேற்கு சிட்னியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பயணம் பழகிய ஒன்று. காலையில் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவில், அங்கே புளியோதரை, பிறகு மலையிறங்கினால் ஸ்டான்வெல் பார்க். நடுவில் பால்ட் ஹில் முனையில் வண்டியை நிறுத்தி, ஹேங் கிளைடரில் மனிதர்கள் பறவை போல மிதப்பதைப் பார்க்கலாம். அந்தக் கடற்கரையில்தான் 1894-ல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டிப் பட்டங்களைக் கோர்த்துக் கட்டி, அவற்றின் இழுப்பில் தானே தரையை விட்டு மேலே எழும்பினார். பழைய 20 டாலர் நோட்டில் அவர் படம் இருந்தது. இதையெல்லாம் நான் பெரியவர்களிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தால்தானே.

வாட்ஸ்அப்பில் "வரோம்" என்று கை தூக்கியவர்கள் நாற்பதுக்கு மேல், வந்தவர்கள் 28. இது எல்லாக் குழுவிலும் நடப்பதுதான், அதில் வருத்தமில்லை. ஆனால் கடைசிவரை சரியான பட்டியல் யாரிடமும் இல்லை. மாணவர்கள் நாலு பேர் ரயிலில் வந்தார்கள். இரண்டு குடும்பம் கோவிலிலிருந்தே திரும்பிவிட்டது. ஒரு வண்டி நேராகக் கடற்கரைக்கு வந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் துல்லியமான கணக்கு இருந்தது. யார் எத்தனை ட்ரே எலுமிச்சை சாதம், யார் தயிர் சாதம், யார் அப்பளம், யார் பேப்பர் தட்டு என்று ஒரு அக்கா எக்செல் ஷீட்டே போட்டிருந்தார். மனிதர்களுக்கு அப்படி ஒரு ஷீட் போடத் தோன்றவில்லை.

நாங்கள் செய்த முதல் தப்பு, உட்கார்ந்த இடம். பத்தேகாலுக்குப் போனபோதே கார் நிறுத்தும் இடம் நிரம்பிக்கொண்டிருந்தது. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நேரே உள்ள மணலில் கூட்டம். நமக்கோ நாலு நிழல்குடை, இரண்டு கூடாரம், ஐந்து ஐஸ் பெட்டி. "அந்தப் பக்கம் காலியா இருக்கு, ஃப்ரீயா உக்காரலாம்" என்று நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் போனோம். அது ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள தண்ணீரை ஆட்கள் கண்காணிக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைய கடலில் குளிக்க ஓரளவு ஏற்ற இடம் எது என்று காலையில் பார்த்துத்தான் நடுவார்கள். நிலைமை மாறினால் பகலில் கொடியே இடம் மாறும். வெறும் சிவப்புக் கொடி என்றால் கடல் மூடியிருக்கிறது. கொடியே இல்லையென்றால் காவலும் இல்லை. வார இறுதியில் சிவப்பு மஞ்சள் தொப்பியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1907-லேயே சிட்னியில் சங்கமாகக் கூடி ஆரம்பித்த வேலை இது, நாடு முழுக்க இன்றும் நடக்கிறது. நானோ ஆறு வருஷமாக இங்கே இருந்தும், அந்தக் கொடியை ஏதோ விளையாட்டுப் போட்டிக்கு நட்டது என்று நினைத்திருந்தேன். நமக்குக் கடல் என்றால் மெரினா. கால் நனைப்போம், சுண்டல் சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். கடலில் இறங்கிக் குளிப்பது வேறு பாடம், அதை யாரும் நமக்கு எடுத்ததில்லை.

படத்தில் புள்ளியாகத் தெரிகிறவனை நாங்கள் தம்பி என்போம். அவன் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாஸ்டர்ஸ் படிக்கிறான், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நீச்சல் தெரியுமா என்று அக்கா கேட்டதற்கு, "எட்டு வயசுல எங்க கிணத்து மேட்டுலேருந்து தள்ளி விட்டாங்கக்கா, அன்னைலேருந்து தெரியும்" என்றான். பொய்யில்லை, நன்றாகவே நீந்துவான். அதுதான் சிக்கல். நீந்தத் தெரியாத நாங்கள் முழங்காலோடு நின்றுவிட்டோம்.

"அங்க ஏன்டா போன?" என்று பிறகு கேட்டபோது அவன் சொன்ன பதிலை நான் மறக்கவே முடியாது. "மத்த இடத்துல எல்லாம் அலை அடிச்சுச்சுண்ணா. அங்க மட்டும் அமைதியா இருந்துச்சு. அதான்."

கிணற்றில் அமைதியான தண்ணீர்தான் நல்ல தண்ணீர். கடற்கரையில் அது நேர் எதிர். அலை அலையாகக் கரைக்கு வந்து சேரும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். அது ஓரிடத்தில் கூடி, மணலைப் பறித்துக்கொண்டு, வாய்க்கால் போலக் கடலுக்குள் ஓடுகிறது. இங்கே அதை ரிப் என்கிறார்கள். அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம் என்பதால் அலை அங்கே உடையாது. அதனால் இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக, சலனமில்லாமல் தெரியும். சில சமயம் மணல் கலங்கி, நுரை கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ராப் பிராண்டர் என்ற ஆய்வாளர் இருக்கிறார், டாக்டர் ரிப் என்றே அவருக்குப் பெயர். தண்ணீரில் ஊதாச் சாயத்தைக் கொட்டி இந்த ஓட்டத்தைக் காட்டுவார். சாயம் நாலாபக்கமும் பரவாமல், யாரோ கயிறு கட்டி இழுப்பது போல நேராக உள்ளே போகும். புதிதாக வருகிற எல்லோரும் அந்தக் காணொளியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரிப் யாரையும் கீழே அமுக்காது. கரையிலிருந்து கடலுக்குள் கொண்டு போகும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது பதற்றமும் களைப்பும். தம்பி செய்தது கிணற்றுக்காரன் செய்வதைத்தான். கிணற்றில் படிக்கட்டு எந்தப் பக்கமும் இருபது வீச்சுக்குள் இருக்கும், அதைப் பார்த்து நேராக நீந்தினால் போதும். அவனும் எங்கள் கூடாரத்தைப் பார்த்து நேராக நீந்தியிருக்கிறான். பத்து வீச்சு போட்டுத் தலை தூக்கினால் கூடாரம் இன்னும் சின்னதாகத் தெரிந்ததாம். இன்னும் வேகமாக நீந்தியிருக்கிறான். கத்திப் பார்த்திருக்கிறான். நாங்கள் அப்போது "எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

படம் எடுத்து முடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசில் சத்தம். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினாள். அவள் போகும் திசையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து நான் செய்தது இன்னொரு முட்டாள்தனம். போனை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினேன். எனக்குத் தெரிந்தது கடப்பாரை நீச்சல், போட்டால் நேராகக் கீழே. இடுப்பளவு போய்விட்டேன். கரையில் நின்ற இன்னொரு கடற்கரைக் காவலர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, மூக்குக்கு நேரே விரலை நீட்டி, "வெளியே போ, என்னால் இரண்டு பேரைத் தேட முடியாது" என்றார். கோபமாகத்தான் சொன்னார், சரியாகவும் சொன்னார். காப்பாற்றப் போனவர் போய்விட்டு, தத்தளித்தவர் கரை சேர்ந்த கதைகள் இங்கே நிறைய உண்டு. கையில் மிதக்கிற பொருள் எதுவும் இல்லாமல் இறங்கக் கூடாது. ஐஸ் பெட்டியின் மூடியோ, பந்தோ, எதையாவது தூக்கிப் போடலாம். முதலில் காவலரைக் கூப்பிட வேண்டும். காவலே இல்லாத இடமாக இருந்தால் 000 என்ற அவசர எண். எமர்ஜென்சி பிளஸ் என்ற செயலி போனில் இருந்தால் நாம் நிற்கும் இடத்தை அது காட்டும், அதைப் படித்துச் சொன்னால் போதும்.

அந்தப் பெண் அவனைப் பலகையில் குப்புறப் போட்டு, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு அலையோடு வந்தாள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கலாம். கரையில் இறக்கியதும் உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தான். கை கால் நடுங்கியது. அவன் பேசிய முதல் வார்த்தை, "அண்ணா, விசாவுக்குப் பிரச்சினை வருமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. வராது. கடலிலிருந்து தூக்கி வந்ததற்குக் காசும் கிடையாது. அவனுக்கு அடுத்த பயம் ஆம்புலன்ஸ். மூச்சில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூடத் திணறல் வரலாம், அதனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று காவலர்கள் சொன்னார்கள். இவன் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து எழுந்து காட்டினான். மாணவர் விசாவுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் அவசர ஆம்புலன்ஸ் செலவும் அடக்கம். அது அவனுக்குத் தெரியவில்லை, உடனிருந்த மூன்று மாணவர்களுக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் காப்பீடு அப்படியில்லை, ஒவ்வொன்றும் ஒரு விதம். நியூ சவுத் வேல்ஸில் ஆம்புலன்ஸ் இலவசமும் கிடையாது. அதைப் படித்துப் பார்க்க வேண்டிய நேரம் கிளம்புவதற்கு முன்னாலான சாவகாசமான ஒரு மாலை.

பிறகு, அந்தக் காவலர் குழுவின் தலைவர் என்னிடம் வந்தார். மொத்தம் எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு நிமிஷம் யோசித்து 28 என்றேன். இப்போது இங்கே எத்தனை பேர் என்றார். எண்ணினேன், 25. அக்கா எண்ணினார், 29. பக்கத்துக் குடையில் இருந்த ஒரு இந்திக் குடும்பத்துப் பிள்ளையையும் சேர்த்துவிட்டார். மூன்றாவது முறை 26. அந்த இரண்டு பேர் எங்கே என்று தெரியாத அந்த நாலு நிமிஷம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை. கழிப்பறைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியும் பேத்தியும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள்.

தனியாகப் போகும் குடும்பம் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காது. 28 பேர் போனால், பார்த்துக்கொள்ள 28 பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். அம்மா அத்தை பார்க்கிறாள் என்று நினைக்க, அத்தை சித்தப்பா பார்க்கிறார் என்று நினைக்க, சித்தப்பா அப்பளம் தேடிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு மற்ற சேதங்களும் உண்டு. என் கார் சாவி அரைக்கால்சட்டைப் பையில் இருந்தது, உப்புத் தண்ணீரில் ரிமோட் செத்துவிட்டது. வீட்டிலிருந்து மாற்றுச் சாவி வர இரண்டு மணி நேரம். அடுத்தது வெயில். "நாமெல்லாம் மெட்ராஸ் வெயிலையே பாத்தவங்க" என்று சன்ஸ்கிரீனைத் தொடாத மாமாவுக்கு மூன்றாம் நாள் தோளில் தோல் உரிந்தது. சிட்னியில் ஜனவரி நடுப்பகலில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், 3 வந்தாலே பூசச் சொல்கிறார்கள். கடல் காற்று குளுகுளுவென்று அடிப்பதால் சுடுவதே தெரியாது. வெளியே போக இருபது நிமிடம் முன்னால் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், கறுப்போ சிவப்போ.

உடை விஷயத்தில் நம் பெண்களுக்கு ஒரு குறிப்பு. காட்டன் சுடிதார் நனைந்தால் இரண்டு கிலோ கனக்கும், துப்பட்டா காலைச் சுற்றும், பேன்ட் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. புர்கினி என்ற உடையே 2004-ல் சிட்னியில் ஒரு பெண் வடிவமைத்ததுதான். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜீன்ஸோடு கடலில் நிற்பவர்களைத்தான் பார்ப்பார்கள், அதிலும் காவலர்கள் முதலில் அவர்களைத்தான் கண் வைக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: தயிர் சாதத்தில் மணல் விழுந்தால் மீட்க வழியில்லை. ட்ரேயைத் திறப்பது புல்வெளி மேசையில் இருக்கட்டும். கடல்புறா அப்பளத்தைக் கையிலிருந்தே பிடுங்கும். காலில் ஒட்டிய மணலுக்குக் குழந்தைப் பவுடரைத் தூவித் துடைத்தால் அப்படியே உதிர்ந்துவிடும், ஒரு பாட்டி கண்டுபிடித்தது.

மறுபடி போகவே கூடாது என்று சிலர் சொன்னார்கள். பிப்ரவரி கடைசியில் போனோம், ஆஸ்டின்மர் கடற்கரைக்கு. ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம், பாறையோரம் கடல்நீரிலேயே கட்டிய குளங்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கும் நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் அதுவே போதும். முந்தின நாள் பீச்சேஃப் செயலியில் காவல் நேரமும் அலை நிலவரமும் பார்த்தோம். இந்த முறை 19 பேர். பெயர்ப் பட்டியல் அக்காவின் எக்செல்லில், தயிர் சாதத்துக்கு மேல் வரியில். கூடாரம் கொடிக்கு நேரே, நெருக்கடியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, ஜோடியிடம் சொல்லாமல் நகரக் கூடாது. அரை மணிக்கு இரண்டு பேர் கடலைப் பார்த்து உட்கார வேண்டும், போன் பையில். முறை முடிந்தால் அடுத்தவர் பெயரைச் சொல்லி, அவர் "நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். நாடகம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். இருக்கட்டும்.

கடலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வண்டியிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது தம்பிதான். மல்லாந்து மித, ஒரு கையைத் தூக்கு, இழுப்பை எதிர்த்து நீந்தாதே. பல ரிப்கள் சுற்றி வந்து, ஆளை அலை உடையும் மேட்டுப் பக்கமே கொண்டு விடும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, வெள்ளை நுரை தெரியும் பக்கம் நகரலாம். "நான் இதெல்லாம் பண்ணல, அதான் தெரியும்" என்று முடித்தான்.

மூன்று மணிக்கு வடகிழக்குக் காற்று எழும்பியது, கூடவே புளூபாட்டில் என்ற கொட்டும் கடலுயிர்கள் வந்து சேர்ந்தன. நீல பலூன் போல மணலில் கிடக்கும், அழகாக இருக்கும், தொட்டால் சாட்டையடி. ஏழு வயதுப் பையன் ஒருவனின் கெண்டைக்காலில் நீல நூல் சுற்றியிருந்தது, அது பட்ட இடமெல்லாம் மணி மணியாகத் தடித்துவிட்டது. ஒருவர் எலுமிச்சம்பழம் எடுத்தார், இன்னொருவர் வினிகர் கேட்டார். இரண்டும் இதற்கு ஆகாது. வினிகர் வடக்கே வெப்பமண்டலக் கடலில் இருக்கும் பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் போடுவது. நூலை எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, பிறகு பொறுக்கிற சூட்டில் வெந்நீர், இருபது நிமிடம். டீ போடக் கொண்டுபோன பிளாஸ்க் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் கலந்து, முதலில் என் கையில் ஊற்றிச் சூடு பார்த்து, அவன் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. டீ கிடைக்கவில்லை.

இவ்வளவு நடக்கும்போதும் காவல் முறையில் இருந்த தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பையனைச் சுற்றி நிற்க, அவன் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தான்.

ஜனவரிப் படத்துக்கு வருகிறேன். அன்று இரவே அவன் போன் செய்தான். "அண்ணா, அந்த போட்டோவ அப்படியே குரூப்ல போட்டுறாதீங்க. யாராச்சும் பெருசாக்கிப் பாத்து ஊருக்கு அனுப்பிட்டா அம்மா தாங்க மாட்டாங்க." சரி என்று மேல்பக்கத்தை வெட்டினேன். புள்ளி போக வேண்டுமானால் தொப்பி வரைக்கும் வெட்ட வேண்டியிருந்தது. தலைகளும் பாயும் நாற்காலியும்தான் மிச்சம்.

ஊரிலிருந்து என் அக்கா பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பீச்சுக்குப் போறேன்னு சொன்ன, தண்ணியவே காணோமே. ஏதாவது பார்க்கா?"

ஆமாக்கா, ஸ்டான்வெல் பார்க் என்று பதில் போட்டேன்.